மானத்தை அடகு கேட்கும் செயலிகள்

(படிப்பகக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணைய மோசடி பற்றிப் பேசச் சொன்னார்கள். ஓடிபி சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்பதையெல்லாம் வங்கிக்காரர்களே தினமும் குறுஞ்செய்தியில் அனுப்புகிறார்கள். அதற்கு நான் வேண்டியதில்லை. நம் தெருக்களில் அதிகம் விளையாடுகிற கடன் செயலிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எங்கள் படிப்பகத்துக்கு ஒரு தங்கை வந்தார். ஊரும் பெயரும் வேண்டாம். பின்னலாடைக் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். மகளின் பாலிடெக்னிக் கட்டணத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்பான். நகைக் கடனுக்கு நகை வேண்டும். ஊரில் வட்டிக்கு விடுபவரிடம் வாங்கலாம். ஆனால் தவணை ஒரு நாள் தவறினாலும் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, தெருவே கேட்கும்படி அவர் பேசுவார். தன் அம்மா அப்படிப் பேச்சு வாங்கியதைச் சின்ன வயதில் பார்த்தவர் இந்தத் தங்கை. அதனால்தான் கைபேசியைத் திறந்தார். விளம்பரத்தில் என்ன போட்டிருந்தது தெரியுமா? ஐந்து நிமிடத்தில் கடன், ஜாமீன் வேண்டாம், யாருக்கும் தெரியாது.

அந்தக் கடைசி இரண்டு சொற்களுக்காகத்தான் அவர் வாங்கினார். இதைப் பேராசை என்று சொல்கிறவர்கள் நம் இயக்கத்திலும் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கடன்பட்டவரை நடுத்தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தும் ஊரில், அவமானம் இல்லாமல் ஒரு 5,000 ரூபாய் கிடைக்குமா என்று தேடியிருக்கிறார். அவ்வளவுதான்.

கடன் 5,000 ரூபாய். செயல்முறைக் கட்டணம் என்று பிடித்துக்கொண்டு கையில் வந்தது 3,250. ஏழு நாளில் 5,000 கட்ட வேண்டும். வாரத்துக்கு நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் வட்டி! கந்துவட்டி, மீட்டர் வட்டியை எல்லாம் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் போட்டோம். 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்ததையும் பார்த்தோம். அந்தக் கந்துவட்டிக்காரரே கூச்சப்படும் வட்டி இது.

வட்டியைவிடப் பெரிய சங்கதி வேறு. செயலியை நிறுவும்போது தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். அனுமதித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். உங்கள் கைபேசியில் உள்ள முந்நூறு எண்கள்தான் அவன் வாங்கும் அடகு. எட்டாம் நாள் தங்கையின் முகத்தை யாரோ ஒரு பெண்ணின் நிர்வாண உடலோடு ஒட்டி, அண்ணனுக்கு, கம்பெனி மேஸ்திரிக்கு, மகளிர் குழுத் தலைவிக்கு, மகளின் ஆசிரியருக்கு அனுப்பினார்கள். அதை நிறுத்த இன்னொரு செயலியில் வாங்கிக் கட்டினார். பிறகு மூன்றாவது. எங்களிடம் வரும்போது ஒன்பது செயலிகள், அறுபதாயிரத்துக்கு மேல் கட்டியாகிவிட்டது. முதல் கடன் மட்டும் இன்னும் தீரவில்லை என்றார்கள்.

தமிழில் பேசிய ஒருவன், "காலனிக்காரிக்கு எதுக்குடி மானம்" என்று கேட்டிருக்கிறான். இவருடைய சாதி அவனுக்கு எப்படித் தெரியும்? ஆதார் அட்டையைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றியிருக்கிறார். முகவரியில் இருக்கிறது 'காலனி'. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அச்சான அட்டைகள் இன்னும் நம் பைகளில்தான் இருக்கின்றன.

இப்படி அழைப்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். 2021 சனவரியில் சென்னைக் காவல்துறை பெங்களூருவில் ஒரு கடன் செயலி அழைப்பு மையத்தைப் பிடித்தது. கைதானவர்களில் இரண்டு பேர் சீனர்கள். ஆனால் இத்தகைய மையங்களில் நாற்காலியில் உட்கார்ந்து திட்டுவது, மாதச் சம்பளத்துக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள். தமிழில் எந்தச் சொல் எங்கே வலிக்கும் என்று சீனாவில் இருப்பவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சட்டம் இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021இல் எண்ணிப் பார்த்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில் வந்த வழிகாட்டு நெறிகளே, கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்றன. ஆனால் அந்த விதி ரிசர்வ் வங்கியின் கணக்கில் இருக்கும் நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும். கணக்கிலேயே இல்லாதவனுக்கு ஏது விதி? வலுக்கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025இல் கொண்டுவந்த சட்டம் இணையவழிக் கடனையும் சேர்த்துக்கொண்டது. இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் கூறியிருக்கிறது. தனியாகக் காதுக்குள் சொன்னால்? அங்கே சட்டம் தடுமாறுகிறது.

எனவே அந்த முந்நூறு பேரிடம் வருகிறேன். அவர்கள் நாம்தான் தோழர்களே! படம் நம் கைபேசிக்குத்தான் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணை ஒரு மாதிரி பார்க்கிறோமே, அந்தப் பார்வையை வைத்துத்தான் அவன் பணம் பறிக்கிறான். பெண்ணின் உடலில் குடும்பத்தின் மானத்தை வைத்திருப்பது சாதி. அந்தச் செயலி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பெரியார் ஏன் மானத்தையும் கற்பையும் போட்டு அப்படி உடைத்தார் என்பது இந்த வழக்குகளைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

நாங்கள் செய்தது இதுதான். தங்கையோடு உட்கார்ந்து, அவருடைய எண்ணிலிருந்தே எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம்: "கடன் செயலிக் கும்பல் போலிப் படம் அனுப்புகிறது. வந்தால் எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வேறு யாருக்கும் பகிர வேண்டாம்." பதினாறு பேர் அனுப்பினார்கள். அதையே சான்றாக வைத்து 1930 எண்ணில் புகார் பதிந்தோம். பணம் கட்டுவதை நிறுத்தினோம். செயலியை நீக்கும் முன் கடன் விவரம், பணம் போன கணக்கு எல்லாவற்றையும் படமெடுத்து வைத்தோம். அவசரத்தில் பலர் முதலில் செயலியை அழித்துவிடுகிறார்கள், அப்புறம் சான்று இருப்பதில்லை. ஒரு வாரத்தில் அழைப்புகள் ஓய்ந்தன. எல்லோருக்கும் அப்படி ஓயும் என்று சொல்லமாட்டேன்.

கட்டிய பணம் திரும்ப வரவில்லை. மேஸ்திரி ஒன்றும் கேட்கவில்லை, வழக்கம்போல் வேலை கொடுத்தார். மகளிர் குழுவில்தான் சிக்கல். குழுவின் பெயர் கெட்டுவிடும் என்று அவரை விலகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பெண் தோழர்கள் இரண்டு முறை போய்ப் பேசிவிட்டார்கள். வரும் ஞாயிறு மறுபடியும் போகிறார்கள்.