வேருக்குள் ஒரு கூலியாள்

(பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



புளியஞ்சோலைப் பக்கம் போயிருந்தபோது ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார். "ஐயா, வேம் பாக்கெட் வாங்கிப் போட்டேன். வெங்காயத்திலே நல்லாத் தெரிஞ்சுது. அதையே முள்ளங்கிக்கும் போட்டேன், ஒண்ணும் தெரியலை. மருந்து போலியா?"

மருந்து போலி இல்லை. பயிர்தான் வேறு.

வேம் என்பது வேர் உட்பூசணம். பூசணம் என்றதும் நோய் என்று பயந்துவிட வேண்டாம். இது வேருக்குள் குடியேறி, மயிரிழையைவிட மெல்லிய நூல்களை மண்ணிலே ஓடவிடுகிறது. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை இழுத்துக் கொடுத்து, கூலியாகச் செடியிடம் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்கிறது. உயிருள்ள வேர் இல்லாவிட்டால் இதற்குப் பிழைப்பே இல்லை.

ஆனால் எல்லாப் பயிரும் இதை உள்ளே விடாது. முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோசுக் குடும்பம் கதவைச் சாத்திவிடும். தண்டுக்கீரை, பீட்ரூட் வகையும் பெரும்பாலும் அப்படித்தான். வெங்காயம், மிளகு, சோளம், பயறு வகைகள் வரவேற்கும். வெங்காயத்துக்கு வேர்த்தூவிகள் குறைச்சல். அந்த வேலையைப் பூசணம்தான் பார்க்கிறது. மரவள்ளியோ இதை நம்பியே வாழ்கிறது. 1980-களில் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு ஆராய்ச்சி நிலையத்தில், பூசணத்தை அழித்த மண்ணிலே மரவள்ளி நட்டுப் பார்த்தார்கள். செடி குட்டையாகவே நின்றுவிட்டது. பூசணத்தைச் சேர்த்துவிட்ட செடி தழைத்தது.

அடுத்தது மண். கொல்லிமலைக்கு மேலே மழையில் கரைந்த புளிப்புச் செம்மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அடிவாரத்திலே ஐயாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள். புளிப்பு மண்ணில் தங்கும் பூசண இனம் வேறு, சுண்ணாம்பு மண்ணில் தங்குவது வேறு. தண்ணீர் கட்டி நிற்கும் நெல்வயலிலே பூசணம் குறைந்துபோகும். சூப்பர் பாஸ்பேட்டை அளவுக்கு மிஞ்சிக் கொட்டினாலும் அப்படித்தான். மணிச்சத்து காலடியிலேயே கிடக்கும்போது செடி எதற்குக் கூலி கொடுக்கும்?

மலைமேலே சாமை, தினை, கேழ்வரகு விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி பரவிக் கிடக்கிறது. ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற பணப்பயிர். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகள் படிப்புச் செலவு அதிலேதான் ஓடுகிறது. ஆனால் வருஷா வருஷம் அதையே போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மின்னசோட்டா என்ற இடத்திலே மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விடாமல் போட்டு வந்த நிலங்களை ஆராய்ந்து 1992-ல் எழுதினார்கள். எந்தப் பயிரைத் தொடர்ந்து போட்டார்களோ, அந்த மண்ணிலே பெருகியிருந்த பூசண இனங்கள் அந்தப் பயிருக்கே பலன் குறைந்தவையாகத் தெரிந்தன. சோற்றைத் தின்றுவிட்டு வரப்பிலே படுத்துக்கொள்ளும் ஆள் மாதிரி! மக்காச்சோளத்துக்குச் சொன்னதை அப்படியே மரவள்ளிக்குப் பொருத்திவிடக் கூடாதுதான். என்றாலும் ஒரு போகம் சாமையோ, இடையிலே தட்டைப்பயறோ போட்டால் பல இனப் பூசணத்துக்கும் இடம் கிடைக்கும்.

நிலத்தை வெறுமனே போட்டு வைப்பதும் நல்லதல்ல. ஆஸ்திரேலியாவில் நெடுநாள் தரிசாகக் கிடந்த நிலத்தில் சூரியகாந்தி மணிச்சத்து இல்லாமல் வாடியதற்கு, பூசணம் குறைந்துபோனதே காரணம் என்று 1987-ல் எழுதினார்கள்.

ஆகவே நெல் அறுத்த வயலிலோ, முள்ளங்கி பிடுங்கிய பாத்தியிலோ வெங்காயம் வைக்கிறவர்களுக்குத்தான் வேம் முக்கியமாக வேண்டும். மேலாகத் தூவினால் வீண். வேர் இறங்கும் இடத்தில், விதைக்காய்க்கு அடியிலே விழ வேண்டும். மிளகுக் கொடிக்கு, பையிலே வேர்விடும்போதே போட்டுவிடுங்கள். பாக்கெட்டை வெயிலிலே வைக்காதீர்கள். உள்ளே இருப்பது உயிர்.

அந்தப் பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்ப முள்ளங்கிக்குப் போட்ட காசு?" என்றார். போனது போனதுதான் என்றேன். சிரித்துக்கொண்டே, வெங்காயப் பாத்தியைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்.