முப்பத்தைந்தோடு நிற்கச் சொல்கிறார்கள்

தோழர்களே, நான் பேச்சாளன் இல்லை. சேரியில் மாலை வகுப்பில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவன்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு 35. 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் போட்டு, "இந்தப் பதினாறைப் பிடிச்சுக்க, அல்ஜீப்ரா உனக்கு வேணாம்" என்கிறார்கள். ஒரு பள்ளியில் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். பெயரைப் படிக்க வேண்டாம், தெருவைப் படித்தால் போதும்.

அதில் இருந்த ஒரு பெண் மையக்குத்துக்கோட்டை அச்சு மாதிரி வரைந்தாள்.

"கவராயத்தை ஏன் பாதிக்கு மேல விரிக்கிறே?"

"சார் அப்படித்தான் சொன்னாரு அண்ணா."

குறைத்து விரித்து வரையச் சொன்னேன். இரண்டு வில்லும் வெட்டிக்கொள்ளவில்லை. "ஐயோ, எட்டல!" என்றாள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கணக்கு ஆரம்பம்.

அவள் அப்பா கொத்தனார். கயிற்றில் 3, 4, 5 அடி பிடித்து மூலைமட்டம் பார்க்கிறவர். 9-ம் 16-ம் 25 என்று எழுதினேன். "அப்போ 6, 8, 10?" என்றாள். சரிதான். "எத்தனை மடங்கானாலும்?" என்றாள். 3எக்ஸ், 4எக்ஸ், 5எக்ஸ் என்று எழுதினோம். வேண்டாம் என்ற அல்ஜீப்ரா அவள் கேள்விக்குள்ளேயே இருந்தது.

1961இல் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதியவைக்கப் போய் அடிபட்ட பாப் மோசஸ்தான் 1982இல் அல்ஜீப்ரா திட்டத்தைத் தொடங்கினார். இரண்டும் ஒரே உரிமைப் போராட்டம் அவருக்கு.

வியாழனன்று பெற்றோரோடு தலைமையாசிரியரைப் பார்க்கிறோம். மாணவத் தோழர்கள் வாங்க. பழைய கவராயம் இருந்தா எடுத்து வாங்க. இருபது பிள்ளைக்கு நாலுதான் இருக்கு.