கருக் கலைந்த வீட்டில் கடன் புகலாமா?

(தொட்டியத்தில் ஆலை, விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியது)



இந்த இடத்தில் கூலி உயர்வு பற்றிப் பேசியிருக்கிறோம். காவிரித் தண்ணீர் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று, வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்திப் பேசும் ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நூல் ஆலைத் தொழிலாளியும் அவர் மனைவியும் சங்க அலுவலகத்துக்கு வந்தார்கள். இருவருக்கும் ஒரே ஆலைதான் வேலை. அந்தச் சகோதரிக்கு மூன்றாம் மாதத்தில் கருக் கலைந்துவிட்டது. "வராவிட்டால் சம்பளம் கிடையாது" என்றாராம் மேஸ்திரி. நான்காம் நாளே வேலைக்குப் போனார். ஆறு மாதம் கழிந்தது. ஊர் வாய்க்குப் பயந்து, தாலிக்கொடியை அடகு வைத்து, தனியார் கருத்தரிப்பு நிலையம் ஒன்றுக்குப் போகத் துணிந்தார்கள். மீதிப் பணத்தைக் கடன் வாங்க என்னை ஜாமீன் கேட்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அன்று அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்லுகிறேன்.

முதலாவது, இது பெண்ணின் குற்றமல்ல. தெரிய வரும் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன. ஆரம்ப மாதங்களில் கலைவதில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம் கோளாறு. மதுரைக் காளியம்மனுக்கு நேர்ந்துகொள்பவர்கள் நேர்ந்துகொள்ளட்டும். ஆனால் பழியை மருமகள் தலையில் கட்டாதீர்கள்.

இரண்டாவது, அந்த ஓய்வு தர்மமல்ல, உரிமை. கருக் கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்று 1961ஆம் வருஷத்து மகப்பேறு உதவிச் சட்டம் சொன்னது. தெரிந்தே அந்த ஆறு வாரத்துக்குள் வேலை வாங்குவது முதலாளியின் குற்றம் என்றும் சொன்னது. தொழிலாளர் உரிமைகள் பலவற்றை நெரிக்கும் 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பால்கூட இதைத் தொட முடியவில்லை. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு அந்தப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்தே வரும். அது யார் பணம்? 2019 ஜூலை முதல் உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளியிடம் மூன்றே கால் ரூபாயும் வாங்கிச் சேர்த்த பணம். டாக்டர் சர்டிபிகேட்டைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் எதுவும் நடக்காது.

மூன்றாவது, அவசரம் வேண்டாம். ஒரு முறை கலைந்தவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் மறுபடி கருத்தரித்துப் பிள்ளை பெறுகிறார்கள். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை, முப்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு ஆறு மாதம் முயன்றும் இல்லை, அல்லது இரண்டு மூன்று தடவை கலைந்தது என்றால் பரிசோதனை அவசியம். தைராய்டு, சர்க்கரை, கருப்பை ஸ்கேன் என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும். அதற்குத் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. கணவனும் கூடப் போக வேண்டும். குறை ஆணிடமும் இருக்கலாம். ஆணின் விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் பெண்ணை மட்டும் ஊசி குத்துவது என்ன நியாயம்?

நான்காவது, தனியார் இன்ஷூரன்ஸை நம்பி இறங்காதீர்கள். இன்ஷூரன்ஸ் ஆணையம் 2019ல் வகுத்த விலக்குப் பட்டியலில் 17ஆவது மலட்டுத்தன்மைச் சிகிச்சை, 18ஆவது மகப்பேறு. விபத்தினால் அல்லாத கருச்சிதைவும் அந்தப் 18க்குள்தான் வருகிறது. பாலிசியில் இந்த இரண்டும் இருந்தால் ஒரு காசு பெயராது. சந்தா கட்டுமுன் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, சோதனைக் குழாய்ச் சிகிச்சைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், 2021ஆம் வருஷத்துச் சட்டத்தை நினைவில் வையுங்கள். நிலையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு எவ்வளவு, ஆபத்து என்ன, செலவு என்ன என்று முன்கூட்டியே விளக்க வேண்டும். ஒரு தடவைக்கே லட்ச ரூபாய்க்கு மேல் போகும். பிள்ளை நிச்சயம் என்று எவரும் உறுதி தர முடியாது. கணக்கை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆலைத் தொழிலாளிக்குச் சட்டமாவது உண்டு. வாழைத் தோட்டத்தில் அன்றாடக் கூலிக்குக் குனிந்து நிமிரும் பெண்ணுக்கு? கருக் கலைந்த மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் பிள்ளைப்பேற்றுத் தடை வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லியிருக்கிறது. இது பணக்காரர்களுக்கு மட்டும் வரும் நோயா? சிகிச்சை மட்டும் ஏன் பணக்காரர்களுக்கு?

ஆகவே நாம் கேட்பது இரண்டே. விவசாயத் தொழிலாளிக்கும் ஆறு வாரக் கூலியைச் சர்க்கார் கொடுக்க வேண்டும். சென்னை எழும்பூரில் சர்க்கார் தொடங்கிய கருத்தரிப்புச் சிகிச்சை திருச்சி ஏழைக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இதற்கான மகஜர் வாசலில் இருக்கிறது. ஆண்களும் கையெழுத்திட வேண்டும்.

அந்தத் தம்பதிக்கு இன்னும் குழந்தை இல்லை. திருச்சியில் பார்த்ததில் சகோதரிக்குத் தைராய்டு குறை என்று தெரிந்து, மாத்திரை சாப்பிடுகிறார். தாலிக்கொடி அடகிலிருந்து திரும்பிவிட்டது. ஆலைமீது சங்கம் கொடுத்த புகார் விசாரணையில் இருக்கிறது. அந்தச் சகோதரி இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மகஜரில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.