தீர்ப்பை மாற்றிய கடிதம்



பாலியற் குற்றவாளிகளைப் பதிவேட்டிற் பதிந்து கண்காணித்தல் சிறுவரைக் காக்க எழுந்த முறையாகும். அந்நோக்கத்தை எவரும் குறை கூறார். ஆயின், ஒருவர் எவ்வகுப்பினர் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்?

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், மீண்டும் தீங்கிழைக்கக்கூடியவர் எனும் கடும் வகுப்பில் ஒருவரைச் சேர்க்குமுன், பெரும்பாலும் நீதிபதி விசாரணை நடத்தினார். 2008 இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடோ, செய்த குற்றம் எதுவென்பதை மாத்திரம் கொண்டு மூன்று படிகளை வகுத்தது. முதற்படியினர்க்கு 15 ஆண்டுப் பதிவு. இரண்டாம் படியினர்க்கு 25 ஆண்டு. மூன்றாம் படியினர்க்கு ஆயுட்காலம். நீதிமன்றம் முன்னரே வகுத்தவர்களும், சட்டமா அதிபரின் கடிதத்தினால் புதிய படிகளுக்கு மாற்றப்பட்டனர்.

முடிந்த தீர்ப்பை நிருவாகம் மாற்றுதல் தகாது என 2010 இல் அம்மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் விதித்தது. சட்டம் பிறக்குமுன் குற்றம் புரிந்தவர்மீது அதனைச் சுமத்துதல் மாநில அரசியலமைப்புக்கு முரண் என 2011 இல் தீர்த்தது.

குற்றம் கொடிது, பாதிக்கப்பட்டோர் துயரம் பெரிது. ஆயினும், ஆளை ஆராயாது வகுக்கும் ஏட்டில் உண்மையில் அஞ்சத்தக்கவன் கூட்டத்துள் மறைந்துவிடுவான். மேலும், நாம் வெறுக்கும் ஒருவனுக்கு இன்று மறுக்கப்படும் முறையான விசாரணை, நாளை எவர்க்கும் மறுக்கப்படலாம். காவலும் வேண்டும்; நீதியும் வேண்டும்.