தட்டுக்குள் வந்த தோடி
காவிரிப் படுகை இசைஞர்களின் அரிய பதிவுகளும் பெட்டித் தொகுப்பு என்னும் வடிவமும்

ஓர் இசைஞர் தம் வாழ்நாளில் வெளியிட்ட பதிவுகளோடு, அவர் வெளியிடாமல் ஒதுக்கியவை, பாடிப் பார்த்துவிட்டு மாற்றியவை, வேறு எவரோ எடுத்து வைத்திருந்தவை ஆகிய யாவற்றையும் திரட்டி, காலவரிசையில் அடுக்கி, விளக்கக் கையேடு ஒன்றையும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்பனைக்குக் கொண்டுவரும் முறையை மேலைநாட்டு இசை வணிகம் ‘பாக்ஸ் செட்’ என்று அழைக்கிறது. இச்சொற்பொழிவில் அது பெட்டித் தொகுப்பு எனப்படும். அத்தகைய பெட்டியில் இரசிகர்கள் முதலில் தேடுவது ‘டெமோ’ எனப்படும் மாதிரிப் பதிவையே. ஒரு பாட்டு முழு வடிவம் பெறுவதற்கு முன், பாட்டின் அமைப்பு இன்னதென்று பதிப்பாளருக்கோ உடன் வாசிப்பவருக்கோ காட்டுவதற்காக, ஒற்றைக் கிதாரோடு வீட்டிலேயே அவசரமாகப் பதிந்து வைப்பது மாதிரிப் பதிவு. ஓவியருக்குக் கரிக்கோட்டுப் படம் எப்படியோ, பாடகருக்கு அது அப்படி.

இம்முறைக்குப் பலராலும் காட்டப்படும் எடுத்துக்காட்டு அமெரிக்கப் பாடகர் பாப் டிலன். அவர் 1967இல் உட்ஸ்டாக் பகுதியில் தம் குழுவினரோடு ஒரு வீட்டின் நிலவறையில் பதிந்த பாட்டுகள், பிற பாடகர்கள் எடுத்துப் பாடுவதற்கான மாதிரிகளாகக் கைமாறின. அவற்றில் சில 1969இல் உரிமையின்றி அச்சான தட்டிலும் இடம்பெற்றன. திருட்டுத் தட்டின் வழியே பெயர் பெற்ற அப்பதிவுகள் முழுமையாக, 138 தடங்களாக, ஆறு குறுந்தகடுகள் கொண்ட பெட்டியில் முறைப்படி வெளிவந்தது 2014இல்தான். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் கதை இன்னொரு வகை. 1982இல் நான்கு தடக் கேசட் கருவியில் வீட்டிலேயே பாடிப் பதிந்த மாதிரிகளை, குழுவோடு சேர்ந்து மறுபடி பதிந்தவற்றைவிட மேலானவை என்று கண்டு, அவற்றையே ‘நெப்ராஸ்கா’ என்ற தட்டாக அவர் வெளியிட்டார். 1998இல் அவருடைய ஒதுக்கப்பட்ட பாட்டுகள் 66 ஒரு பெட்டியாகவும், 2025இல் மேலும் 83 இன்னொரு பெட்டியாகவும் வந்தன. இவை அனைத்துக்கும் அடிப்படையான எண்ணம் ஒன்றே: தட்டுதான் முடிந்த படைப்பு, அதற்கு முன்னால் கிடப்பவை எல்லாம் அதை நோக்கி நடந்த அடிகள்.

இந்த எண்ணத்தை அப்படியே காவிரிப் படுகைக்குக் கொண்டுவந்து வைத்தால் அது தலைகீழாகிவிடுகிறது என்பதே இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து. தஞ்சை மண்ணில் முடிந்த படைப்பு கோயில் வீதியிலும் கலியாணப் பந்தலிலும் மாநாட்டு மேடையிலும் நிகழ்ந்து காற்றோடு போயிற்று. கம்பெனிக்காரர் அச்சிட்டு விற்ற தட்டு அதன் மாதிரியாக மட்டுமே நின்றது.

இதற்கு நாகசுர வித்துவான் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையைக் காட்டிலும் பொருத்தமான சான்று இல்லை. 1898இல் திருமருகலில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாயிருந்த தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் சுவீகாரப் பிள்ளையாக வளர்ந்து, 1956 டிசம்பரில் மறைந்த அவரைச் செவ்விசை வரலாறு மட்டும் தனக்குரியவராகக் கொண்டாட முடியாது. கிராப்பு வைத்துக்கொண்டு, உட்கார்ந்து வாசிக்கும் உரிமையைக் கேட்டுப் பெற்று, ஒத்துக்கு மாறாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டு (ஒத்து என்பது நாகசுரத்துக்கு இடைவிடாமல் ஆதார சுருதி தரும் துணைக்குழல்), தம் பெயரைக் கேட்டாலே ஊர் திரளும் நிலையை உண்டாக்கிய அவர், இன்றைய சொல்லில் ஒரு வெகுசன நட்சத்திரம். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ (1940) படத்தில் அவர் கதாநாயகராக நடித்ததும் அந்தப் புகழ் காரணமாகவே. அப்படச் சுருள் இன்று காணக் கிடைப்பதில்லை.

அவருடைய தோடி ஆலாபனை இசைத்தட்டு நாடெங்கும் விற்றது. ஆலாபனை என்பது பாட்டும் தாளமும் இன்றி, ஓர் இராகத்தின் உருவத்தைப் படிப்படியாக எழுப்பிக் காட்டுவது. கோயில் புறப்பாட்டில் சுவாமி மண்டபத்தை விட்டு இறங்கும்போது மல்லாரி வாசித்து, வீதி திரும்பி, முச்சந்தியில் சப்பரம் நின்றபின் நாயனக்காரர் இராகத்தைத் தொடங்கினால், அது எப்போது முடியும் என்பதை நிர்ணயிக்கக் கடிகாரம் கிடையாது; அவருடைய தோடி மணிக்கணக்கில் நீண்ட இரவுகளைப் பற்றிய பேச்சு தஞ்சைக் கிராமங்களில் இன்றும் ஓயவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கமோ ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஆகவே தட்டில் இருப்பது தோடியின் சுருக்கம்கூட அன்று. சுருக்கம் என்றால் முழுமையின் எல்லாப் பகுதிகளும் சிறிதளவேனும் இருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கென்றே வித்துவான் தனியாக யோசித்து, எந்தப் பிடியில் தொடங்குவது, எந்தக் கார்வையை விடுவது என்று தீர்மானித்து வாசித்த வேறொரு வடிவம் அது. கடைத்தெருவில் கையளவு நெல்லை எடுத்துக் காட்டி மூட்டைக்கு விலை பேசுவது போல, வீதியில் கிடைக்கவிருக்கும் இராகத்துக்கு அது கைமாதிரி. ஸ்பிரிங்ஸ்டீன் மாதிரியைத் தட்டாக்கினார். இங்கே தட்டே மாதிரியாயிற்று.

இதனால் தட்டின் மதிப்பு குறைந்துவிடாது, தொகுப்பாசிரியரின் வேலைதான் மாறுகிறது. மேலைநாட்டுப் பெட்டியில் அரியது எதுவென்றால் தட்டுக்கு முன்னது. படுகைப் பெட்டியில் அரியது தட்டுக்கு வெளியே உள்ளது. 1939 மே மாதம் தொடங்கிய திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் ஒலிபரப்புகள், பின்னாளில் கச்சேரிகளில் இரசிகர்கள் சுருள்நாடாக் கருவி வைத்துப் பதிந்தவை, கலியாண வீட்டார் நினைவுக்காக எடுத்து வைத்தவை ஆகியவற்றுள்தான் இராகம் மூன்று நிமிடத்தைக் கடந்து நடக்கத் தொடங்குகிறது.

பெட்டித் தொகுப்பு காலவரிசையை வற்புறுத்துவதால் இன்னொரு பயனும் உண்டு. அது பாட்டின் வளர்ச்சியைக் காட்டுவதற்கு மேலாக, வாத்தியத்தின் வளர்ச்சியையே காட்டவல்லது. நாகசுரத்தில் குட்டையானதும் சுருதி உயர்ந்ததுமான திமிரி, நீண்டதும் சுருதி தாழ்ந்ததுமான பாரி என இரு வகை உண்டு. வீதியின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்க வேண்டிய காலத்தில் திமிரி ஆண்டது. ஒலிபெருக்கியும் சபா மேடையும் வந்தபின் பாரிக்கு இடம் பிறந்தது. இம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் இராஜரத்தினம் பிள்ளை. திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆச்சாரி, சுத்த மத்திமம் பிசகாமல் பேசும் பாரி நாயனத்தை 1955ஐ ஒட்டி உருவாக்கியதும் அவருடைய தூண்டுதலால்தான். பழைய வீடுகளின் ஆச்சா மர உத்தரங்களைக் கடைந்து அங்கே செய்யப்படும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கே ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை தேவைப்படுகிறது. 78 சுழற்சித் தட்டு என்று பெயரிருந்தாலும் பழைய தட்டுகள் எல்லாம் சரியாக அந்த வேகத்தில் பதியப்படவில்லை. தட்டைச் சுழற்றும் வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். (கட்டை என்பது சுருதியை அளக்கும் வழக்குச் சொல், ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை கறுப்புக் கட்டைகளிலிருந்து வந்தது.) வேகத்தைச் சரிபார்க்காமல் கணினியில் ஏற்றி வெளியிட்டால், பாரியில் வாசித்தது திமிரியை நோக்கி ஏறலாம், திமிரியில் வாசித்தது பாரியை நோக்கி இறங்கலாம், அதைக் கேட்டு எழுதப்படும் வரலாறும் அதற்கேற்பக் கோணலாகும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனைக்கு உட்படாதவை என்பதைச் சொல்லாமல் இருக்க இயலாது. இரைச்சலை நீக்குகிறேன் என்று சீவாளியின் கரகரப்பையும் சேர்த்துத் துடைத்துவிடுவது அடுத்த குற்றம். காவிரிக் கரை நாணலைப் பதப்படுத்திக் கட்டும் சீவாளிதான் நாயனத்தின் நாக்கு. அதன் கரகரப்பு அழுக்கன்று.

இராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு வாசித்த நாகசுரம், குருவின் தோடி போகாத வீடுகளுக்கும் போயிற்று. குருவிடம் மாதிரியாக இருந்த மூன்று நிமிடம் சீடரிடம் முழுப் படைப்பாகிவிட்டது. திரைப்பாட்டு அளவிலேயே சிந்திக்கப்பட்ட இசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குத் தட்டைத் தாண்டி ஏதோ இருந்தது என்பதை இனிச் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டும்.

நாகசுரத்தை விட்டு வாய்ப்பாட்டுக்கு வந்தால், படுகையின் வெகுசன இசைஞர்களுள் இத்தகைய பெட்டி உடனடியாகத் தேவைப்படுபவர் இசைமுரசு நாகூர் இ. எம். ஹனிபா. 1925 டிசம்பரில் இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, 2015 ஏப்ரலில் மறைந்த அவருடைய குரல், மீலாது மேடை, கந்தூரி விழா, திராவிட இயக்க மாநாடு ஆகிய மூன்று களங்களில் ஒரே கம்பீரத்தோடு ஒலித்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் எழுப்பிய 131 அடி மினாரைத் தாங்கி நிற்கும் நாகூர் தர்காவின் ஊரிலிருந்து, இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே மனப்பாடமாகப் பாடும் பாட்டுகளைத் தந்த பாடகர் உருவானதில் வியப்பில்லை. ‘குலேபகாவலி’ (1955), ‘பாவ மன்னிப்பு’ (1961) தொடங்கி ‘ராமன் அப்துல்லா’ (1997) வரை திரையில் அவர் குரல் கேட்ட காலம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல். அக்குரல் தடித்ததும் தளர்ந்ததும் மூச்சளவு குறுகியதும் அப்பாட்டுகளை வரிசையாகக் கேட்டால் புலப்படும்.

ஆனால் திரைப்பாட்டும் கம்பெனித் தட்டும் ஹனிபாவின் பாதியைத்தான் தரும். மாநாட்டில் தலைவர் வருவதற்குத் தாமதமாகும்போது கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைக்கும் பொறுப்பு பாடகருடையது. அப்போது ஒரு பல்லவி எத்தனை முறை திரும்பும், எந்த வரிக்குக் கைத்தட்டல் எழும், எதை மறுபடி கேட்பார்கள் என்பதெல்லாம் மேடையில் தீர்மானமாகும். எழுதப்பட்ட கட்சி வரலாறுகளில் இல்லாத ஒரு செய்தி, அதாவது மக்கள் எதற்கு ஆர்ப்பரித்தார்கள் என்பது, அந்த மேடைப் பதிவுகளின் பின்னணியில்தான் இருக்கிறது. ஆகவே ஹனிபாவின் பெட்டியில் கூட்டத்தின் சத்தத்தைக் குறைக்கக் கூடாது.

இவற்றை யார் வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. டிலனின் நிலவறை நாடாக்களைக் காத்து வைத்திருந்தவர் அவரோடு வாசித்த குழுவினரில் ஒருவர். படுகையின் ஆவணக் காப்பாளர் மைக்செட்காரர். கலியாணம், காதுகுத்து, திருவிழா, தேர்தல் எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கியை மரத்தில் கட்டி, காலையில் பாடகர் சீர்காழி கோவிந்தராஜனின் பாட்டில் தொடங்கி, ஊருக்கும் நாளுக்கும் ஏற்ப ஹனிபாவையும் மதுரை சோமுவையும் மாற்றி மாற்றிப் போட்ட அவர், வாடகைத் தொழிலுக்கென்று சேர்த்த தட்டுகளே இன்று எந்த நூலகத்திலும் இல்லாத தொகுதியாகத் தேங்கிவிட்டன. அவை இருப்பது பரணில். பரணுக்குக் கீழே நெல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீடே நசநசக்கும்போது நாடாவில் பூசணம் படிகிறது; காந்தத் துகளை நாடாவோடு ஒட்டியிருக்கும் பசை ஈரத்தில் பிசுபிசுத்து, ஓட்டிப் பார்க்கும்போதே உரிந்து வருகிறது. அரக்குத் தட்டு ஈரத்தை ஓரளவு தாங்கும், கைதவறினால் தாங்காது. 2004 ஆழிப்பேரலையும் 2018 நவம்பரில் வேதாரணியத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலும் வீடுகளைச் சூறையாடிய பகுதி இது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஓடியன் நிறுவனத்தின் இந்தியத் தட்டுகளைச் சேகரிப்பாளர்களிடமிருந்து திரட்டி எண்மமாக்கும் பணி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின்கீழ், மும்பை இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சுரேஷ் சந்த்வன்கரால் செய்து முடிக்கப்பட்டது. தமிழுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டு. தஞ்சையிலேயே 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் உண்டு.

சட்டமும் இடம் தருகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே இராஜரத்தினம் பிள்ளை வாழ்நாளில் வெளிவந்த தட்டுகள் அனைத்தும் பொதுவுடைமையாகிவிட்டன. ஆலாபனைக்குத் தனியாகப் பாடலாசிரியர் இல்லாததால் அந்தத் தொல்லையும் இல்லை. ஹனிபாவின் பாட்டுகளுக்கோ வரி எழுதிய புலவர்களின் உரிமை அவர்கள் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடர்வதால், வாரிசுகளின் இசைவு பெறாமல் பெட்டியைத் தொடங்கக் கூடாது. வெளியிடப்படாத வீட்டு நாடாக்களின் நிலை வேறு. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் ஆராய வேண்டியிருக்கும்.

இப்பணிக்கு முதற்படி பட்டியல். ஆகவே வீட்டிலோ மைக்செட் கொட்டகையிலோ பழைய தட்டும் நாடாவும் வைத்திருப்போர், அவற்றைப் பழைய கருவியில் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, தட்டின் நடுத்தாளுக்கும் வரிப்பள்ளத்துக்கும் இடையே பொறிக்கப்பட்ட எண், நாடா உறையில் எழுதியிருக்கும் ஊர், நாள், விழா, தவில் வாசித்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தட்டும் நாடாவும் அவர்களுடையனவாகவே இருக்கும். படியெடுத்து முடிந்ததும் பரணுக்கே திரும்பும்.