மலையகத்து வாக்கும் வேட்பாளர் தெரிவும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும் ஆண்டிலே ஒரு வழக்கம் உண்டு. கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைவர்கள் சிலர் கூடி அறிவித்துவிடுவதில்லை. மாநிலந்தோறும் கட்சியின் ஆதரவாளரே தம் எண்ணத்தைத் தெரிவிக்கின்றனர். அயோவா என்னும் வேளாண்மை மாநிலத்தில், குளிர்கால இரவொன்றில், உழவரும் கடைக்காரரும் பள்ளிக்கூடங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் கூடுவர். பழைமை பேணும் குடியரசுக் கட்சியார் 2016 இல் அவ்வாறு கூடியபோது டெட் குரூஸ் என்பவரை முதலிடத்தில் வைத்தனர். முடிவில் வேட்பாளரானவர் டொனால்ட் டிரம்ப். அயோவா உழவனின் விருப்பம் நிறைவேறவில்லை. எனினும் அவன் கேட்கப்பட்டான்.

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொழுந்து பறிக்கும் நம் மக்கள் கேட்கப்படுகின்றனரா என்பதே இன்றைய பேச்சின் பொருள். அரசாங்க ஊழியனாகிய நான் எக்கட்சிக்கும் பரிந்து பேச வரவில்லை. பல தேர்தல்களில் பள்ளிக்கூடத்து வாக்களிப்பு நிலையங்களில் கடமையாற்றியவன் என்ற அளவிலேயே பேசுகின்றேன்.

நம் நாட்டில் பழைமைபேண் கட்சி என்று கூறத்தக்கது யானைச் சின்னத்தையுடைய ஐக்கிய தேசியக் கட்சி. மலையகத்துக்கும் அதற்கும் உள்ள உறவு விசித்திரமானது. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலும், சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் வென்று பாராளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டே, 1948 இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. இவற்றைச் செய்தது டி. எஸ். சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே.

அங்ஙனமாயின் அதே யானை பிற்காலத்தில் லயத்துச் சுவர்களில் எவ்வாறு ஏறிற்று? வயிற்றின் வழியாக ஏறிற்று என்பேன். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டப்புறத்தை வாட்டிய பட்டினியைக் கண்ட முதியோர் இன்றும் உளர். அரிசியும் மாவும் அரிதாகி, தோட்டங்களை விட்டுப் பட்டணத்துத் தெருக்களில் கையேந்தியவர் பலர். காணிச் சீர்திருத்தமும் தோட்டங்கள் அரசுடைமையானதும் அவர்களுக்கு நிலம் தரவில்லை. மாறாக, இருந்த இடத்தையும் இழக்கும் அச்சத்தைத் தந்தன. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்து நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டு யூலைத் தேர்தலில், மூன்று உறுப்பினரைத் தெரிவு செய்யும் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில், காமினி திசாநாயக்கா, அநுரா பண்டாரநாயக்கா ஆகியோருடன் தொண்டமானும் தெரிவானார். 1978 இல் அவர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அமைச்சரவையில் சேர்ந்தார். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1988 இல் நிறைவேறிற்று. அதே ஆட்சிக் காலத்தில்தான் 1977, 1981, 1983 வன்செயல்களில் லயங்கள் எரிந்தன என்பதையும் மக்கள் மறந்தாரல்லர். குடியுரிமை பெற்ற நினைவையும் எரிந்த லயத்தின் நினைவையும் ஒருங்கே சுமந்துகொண்டுதான் அவர்கள் யானைக்குப் புள்ளடியிட்டனர்.

புள்ளடியிடும் முடிவு எங்கே பிறக்கிறது? ஹட்டனிலோ கொழும்பிலோ தொழிற்சங்கத் தலைமை கூடி, இன்ன வேட்பாளருக்கு ஆதரவு என்று தீர்மானிக்கும். அச்செய்தி மாவட்டக் காரியாலயத்துக்கும், அங்கிருந்து தோட்டத் தலைவருக்கும் இறங்கும். தலைவர் கோயில் முன்றிலில் ஆட்களைக் கூட்டி அறிவிப்பார். 2005 வரையில் இந்த ஏணியில் ஆட்டம் அதிகம் தெரியவில்லை. அவ்வாண்டு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்காவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டமும் அவருக்கே பெரும்பான்மை அளித்தது.

அதன்பின் நடந்தது வேறு. 2010 இல் காங்கிரஸ் மகிந்த ராஜபக்சவை ஆதரித்தது. மாவட்டம் சரத் பொன்சேகாவிடம் சென்றது. 2015 இல் மீண்டும் ராஜபக்ச; மாவட்டம் மைத்திரிபால சிறிசேனாவுக்கு. 2019 இல் கோட்டாபய ராஜபக்சவுக்கு ஆதரவு. மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு. 2024 இல் ரணிலுக்கு ஆதரவு. மாவட்டத்தில் முந்தியவர் மறுபடியும் சஜித். வலப்பனை, கொத்மலை, ஹங்குராங்கெத்த ஆகிய சிங்களக் கிராமப்புறத் தொகுதிகளும் இம்மாவட்டத்தில் அடங்கும் என்பது உண்மை. மாற்றுத் தலைமைகள் எதிர்த்திசையில் அழைத்ததும் உண்மையே. 2019 இலும் 2024 இலும் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்துடன் நின்றது. இருப்பினும் நான்கு முறை தொடர்ந்து நிகழ்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. சம்பளக் கோபம் என்று மட்டும் கூறுவோர் உண்டு. 2019 சனவரியில் ஆயிரம் ரூபாய் கேட்டவர்களுக்கு அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாயாகவே உடன்படிக்கையானது. ஆயின் அவ்வேளை ஆட்சியில் இருந்ததும் யானைக் கட்சிதானே! அக்கட்சியின் வேட்பாளருக்கே மாவட்டம் வாக்களித்தது. ஆகவே கணக்கு அத்துணை எளிதன்று.

2019 ஆம் ஆண்டே நமக்கு அயோவாவை நினைவூட்டிய ஆண்டு. யானைக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதில் தலைமைக்கும் சஜித் அணியினருக்கும் பிணக்கு மூண்டது. ஓகஸ்ட் மாதத்தில் பதுளையில் பெருங்கூட்டம் நடத்தி, மக்களின் விருப்பம் இதுவே என்று அவ்வணியினர் காட்ட முற்பட்டனர். செப்டம்பர் 26 ஆம் திகதி கட்சியின் செயற்குழு சஜித்தை ஏற்றது. கூட்டத்தின் ஆரவாரம் செயற்குழுவை அசைத்தது என்றே நான் கருதுகின்றேன். ஆனால் ஆரவாரத்தை எண்ண முடியாது. யார் வந்தார், யார் பேருந்தில் ஏற்றப்பட்டார் என்று பிரித்தறியவும் வழியில்லை.

என் பாடசாலைப் பிள்ளையொருத்தியின் தாய், கொழுந்தெடுப்பவர், ஒருமுறை என்னிடம் வினவினார்: யாருக்குப் போடவேண்டும் என்று சொல்ல எல்லாரும் வருகிறார்கள், யாரை நிறுத்தலாம் என்று கேட்க எவரும் வருவதில்லையே, ஏன்? விடை கூற எனக்குச் சற்று நேரமாயிற்று. கட்சிகளின் யாப்பில் அதற்கு இடமில்லை என்றேன். சங்கத்திலாவது கேட்கலாமே என்றார் அவர்.

கேட்கலாம்தான். ஒவ்வொரு தொழிற்சங்கத்துக்கும் தோட்டவாரியாக அங்கத்தவர் பெயர்ப் பட்டியல் உண்டு. மாதந்தோறும் சம்பளத்தில் சந்தா கழிக்கப்படுவது அப்பட்டியலின்படியே. வாக்காளர் இடாப்பு ஒன்று ஆயத்தமாகவே இருக்கின்றது என்பதல்லவா இதன் பொருள்? ஆதரவை அறிவிக்குமுன், தோட்டக் கமிட்டிதோறும் இரகசியச் சீட்டு எடுத்து, எண்ணிக்கையைப் பகிரங்கமாக வெளியிடச் சட்டம் எதுவும் தடையில்லை. ஒரே தோட்டத்தில் மூன்று சங்கங்கள் இருக்கின்றனவே என்பார் சிலர். மூன்றும் தனித்தனியே எடுக்கட்டும். செலவு பெரிதன்று: ஓர் அட்டைப் பெட்டி, கொஞ்சம் காகிதம், கொழுந்து மடுவத்தில் நிறுவை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.