ஆடுவோராய் மட்டும் அமையாது ஆக்குவோராவோம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் விழா மேடையில் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பெற்றோர் சிலர் முகம் வாடுவதைக் காண்கிறோம். அவர்தம் அச்சம் நியாயமானதே. பணம் வைத்தாடும் ஆட்டங்களால் குடும்பங்கள் சீரழிந்தமையாலன்றோ தமிழ்நாடு அரசு 2022-இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது! 2025-இல் ஒன்றிய அரசும் இத்தகைய ஆட்டங்களுக்கெதிராகச் சட்டம் கொணர்ந்தது. அவ்வாட்டங்களை நாம் இங்குப் போற்ற வரவில்லை. விளையாட்டை ஆடுவது வேறு, அதனை ஆக்குவது வேறு. ஆக்குதலைப் பற்றியதே இவ்வுரை.

விளையாட்டை ஆக்குவதற்குப் பெருங்கூடமும் பெருஞ்செல்வமும் வேண்டும் என்று எண்ணுவோர் பலர். அது முழு உண்மையன்று. படத்தைத் திரையில் வரைதல், ஒலி எழுப்புதல், இரு பொருள்கள் மோதின என்றறிதல் ஆகிய பொதுவான வேலைகளை முன்னரே செய்து வைத்திருக்கும் மென்பொருளுக்கு விளையாட்டு எந்திரம் என்று பெயர். அதன்மேல் நம் கதையையும் நம் விதிகளையும் எழுதினால் போதும்.

அவ்வெந்திரங்களுள் ஒன்று கோடோ. அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த குவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்னும் இருவர் உருவாக்கிய அதனை, 2014-இல் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் உலகுக்கே திறந்து வைத்தனர். யாரும் அதனை விலையின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம், அதனால் ஆக்கியதை விற்கலாம். விற்ற பணத்தில் எவர்க்கும் பங்கு தரவேண்டுவதில்லை. இறக்கிக்கொள்ளும் கோப்பு 200 மெகாபைட்டுக்கும் குறைவு. அதன்பின் இணைய இணைப்பின்றியே வேலை செய்யலாம். கணினி இல்லாதார் ஆண்ட்ராய்டு கருவியிலும் பழகலாம். படம் வரைவதற்குக் கிம்ப், முப்பரிமாண உருவுக்குப் பிளெண்டர் ஆகியனவும் இவ்வாறே விலையின்றிக் கிடைக்கின்றன.

திறந்த கருவியின் அருமையை ஒரு நிகழ்ச்சியால் உணரலாம். 2023 செப்டம்பரில் யுனிட்டி என்னும் புகழ்பெற்ற எந்திரத்தின் நிறுவனம், குறிப்பிட்ட அளவைக் கடந்த விளையாட்டுகள் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் விதிக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது. ஓராண்டுக்குப் பின் 2024 செப்டம்பரில் அக்கட்டணம் கைவிடப்பட்டது. ஆயினும் அதற்கிடையில் பலர் கோடோவை நாடிச் சென்றனர். குத்தகை நிலத்தில் பாத்தி கட்டுவோர் நிலை மரக்காணத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதன்று.

தமிழ் எழுத்துக்கும் இதில் ஒரு பாடமுண்டு. கோடோவின் பழைய பதிப்புகளில் ‘கெ’ என்னும் எழுத்தின் கொம்பு, ககரத்தின் முன்னே நில்லாமல் பின்னே சென்று நிற்கும். 2023-இல் வந்த நான்காம் பதிப்பு அக்குறையை நீக்கிற்று. கருவி திறந்ததாயிருந்தமையால், தம் மொழிக்கு வேண்டியதைப் பயனாளரே சேர்க்க வழியிருந்தது.

தமிழர் கதையை உலகம் விரும்புமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று கூறுவோம். கனடா நாட்டு டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை 2023 ஜூலையில் வெளியிட்டனர். 1980-களில் கனடாவிற் குடியேறிய ஒரு தமிழ்த்தாய், சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலியும் புட்டும் சமைப்பதே அதன் ஆட்டம். 2024-இல் அது பிரிட்டனின் பாஃப்டா முதற்படைப்பு விருதையும், தனி ஆக்குநர் விழாவின் தலைமைப் பரிசையும் பெற்றது.

நம்மிடம் அத்தகைய கதை இல்லையா? நம் காலடியிலேயே இருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி பாமே அளவுகோலில் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலில் வற்றி 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைக் கடந்தால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். அதற்குள் எஞ்சிய நீரை வெளியேற்றி, உப்பை வாரிவிட வேண்டும். நீரின் அளவு, அதிற் கரைந்த உப்பு, வெயில் என மூன்று எண்களை எந்திரத்தில் எழுதுவோம். வெயில் நீரைக் குறைக்கும், அடர்த்தி ஏறும். மழை நீரைக் கூட்டும், அடர்த்தி இறங்கும். இக்கணக்கைக் கணினி நொடிக்கு அறுபது முறை போட்டுத் திரையை வரையும். மடை திறப்பதும் வாரும் பொழுதைத் தேர்வதும் ஆடுபவர் பொறுப்பு. எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவரும், இவ்வறிவைப் பாதத்தாலும் நாவாலும் பெற்ற தாயார் ஒருவரும் அருகருகே அமர்ந்தால் இவ்விளையாட்டு உருவாகிவிடும். அங்கே ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது வேளைக்கு வேளை மாறும்.

இனி நாம் சொல்ல வந்த தலையாய செய்திக்கு வருகிறோம். விளையாட்டின் விதியை எழுதுபவரே வெற்றி எது என்று தீர்மானிக்கிறார். வாரிய உப்பின் எடையை மட்டும் எண்ணினால் அது முதலாளியின் விளையாட்டு. கூலி, குடிநீர், நிழல், வெடித்த பாதம், கண்கூசும் வெண்மை ஆகியவற்றையும் எண்ணினால் அது உழைப்பாளியின் விளையாட்டு. பிறர் எழுதிய விதிகளின்கீழ் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் நாம். சிறிய திரையிலேனும் விதியை நம் கையால் எழுதிப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

பெங்களூரின் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் என்னும் பெயரில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் துணையுடன் பிள்ளைகள் கணினி பயின்றனர், கிம்ப் கொண்டு ஓவியம் தீட்டினர். அங்கே இயன்றது இங்கும் இயலும்.

ஆனால் பொய்யான நம்பிக்கையை ஊட்ட மாட்டோம். பொழுதுபோக்காக ஆக்கப்படும் விளையாட்டுகளிற் பெரும்பாலானவை பணம் ஈட்டுவதில்லை. ஸ்டீம் அங்காடியில் ஒரு விளையாட்டை வைக்க 100 டாலர் கட்ட வேண்டும். இட்ச் என்னும் தளத்தில் வைக்கக் கட்டணமில்லை. ஆகவே முதற் படைப்பை அங்கே வையுங்கள். கடன் வாங்கிப் பல்லாயிரம் கட்டிப் பயிற்சிக்கூடங்களிற் சேராதீர்கள். படிப்பையோ வேலையையோ விட்டுவிடாதீர்கள். நிரல் எழுதும் பழக்கமும், பிழையைத் தேடித் திருத்தும் பொறுமையும், தொடங்கியதை முடிக்கும் உறுதியுமே இதன் உறுதியான ஊதியம். எத்தொழிலுக்குச் சென்றாலும் அவை உடன்வரும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழையால் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் உப்பளங்களை வெள்ளக்காடாக்கியதையும் கண்டோம். வேலையற்ற அம்மாதங்களை நாம் கற்கும் மாதங்களாக்குவோம். 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுள் இன்னும் இயங்குவனவற்றைச் சங்க நூலகத்திற்குக் கொணர்வோம். இருவர்க்கு ஒரு கணினி, மாலையில் இரண்டு மணி நேரம் போதும். பெண்பிள்ளைகளுக்குச் சரிபாதி இடம் அளிப்போம். முதல் மாதத்தில் ஒரு பந்தைத் திரையில் நகர்த்துவோம். மூன்றாம் மாதத்தில் ஒரு பாத்தியில் உப்பு விளைவிப்போம். தை பிறந்து உப்பளம் திறக்கும்போது, அந்த விளையாட்டை நம் தாய்மார்களிடம் கொடுத்து ஆடச் செய்வோம். “இது சரியில்லை, இந்த வெயிலுக்கு உப்பு இவ்வளவு விரைவில் படியாது” என்று அவர்கள் திருத்தும் நாளே நம் முயற்சி வெற்றிபெற்ற நாளாகும்.